நூற்றுக்குப் பதினாலு அப்பா

அப்பா இறந்துபோன செய்தியை அப்பாவேதான் எனக்கு அனுப்பினார்.

ஜெர்மனியில், காஸல் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், தொண்ணூற்று மூன்று வயது ஹெல்கா அம்மையாருக்கு நான் காலுறை மாட்டிக்கொண்டிருந்தேன். கட்டிலின் மேல் கிடந்த என் போனில் வெளிச்சம் வந்தது. 'பலவேசம் குடும்பம்' என்ற எங்கள் வீட்டுக் குழுவில், அப்பாவின் பெயரில், ஒரே வரி.

"இழவு. உடனே வரவும். இப்படிக்கு, பலவேசம்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு காலுறையைத் தேடுகிறேன் என்று நினைத்த ஹெல்கா அம்மையார், அது தன் மடியிலேயே இருக்கிறது என்று சொல்லி என் தலையில் தட்டினார்.

அம்மா ஒன்பதாவது மணியில் போனை எடுத்தாள். பின்னால் கூட்டத்தின் சத்தம்.

"அம்மா! அப்பா..."

"அப்பா நல்லாத்தான் இருக்காவ. இந்தா, முன்னாலதான உக்காந்து மொறைக்காவ."

"பின்ன என்ன சத்தம் அது?"

"வாசல்ல பதினேழு பேரு நிக்காங்க. ஒங்க சித்தப்பா ஆளுயர மாலையோட வந்து எறங்கிட்டாவ. உசிரோட இருக்க மனுசனப் பாத்துட்டு, மாலைய எங்க வைக்கன்னு என்கிட்ட கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல?"

"என்னதாம்மா நடந்துச்சு?"

"காப்பி நல்லா இல்லன்னாவ. அவ்வளவுதான்."

அப்பாவுக்கு வந்திருப்பது, மூளையிலிருந்து தசைக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாகக் கடையை மூடிக்கொண்டு போகும் நோய். சிலருக்குக் கையில் தொடங்குமாம், சிலருக்குக் காலில். அப்பாவுக்கு நாக்கில் தொடங்கியது. முப்பத்தோரு வருடம் அம்பாசமுத்திரம் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்தவர். எட்டு ஐம்பது வண்டி எட்டு ஐம்பதுக்குக் கிளம்ப வேண்டும். கலெக்டரே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாலும் நிற்காது. அந்த நாக்கைக் கண்டால் ஓட்டுநர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். நோய் முதலில் அதைத்தான் தேடிப் பிடித்தது. அதன் பிறகு கைகள், அதன் பிறகு கால்கள்.

'நாவி' என்ற கழுத்துப் பட்டையை நான்தான் வாங்கி, என் பெயரில் பதிவுசெய்து அனுப்பியிருந்தேன். அதைப் பொருத்த வந்தவர் பூபதி, கோயம்புத்தூர்க்காரர். இழவுச் செய்தி வந்த அன்று அவரைத்தான் போனில் பிடித்து உலுக்கினேன்.

"அக்கா, பதறாதீங்க்கா. மெசின் ஒண்ணும் தப்புப் பண்ணலீங்க."

"எங்கப்பா செத்துட்டாருன்னு ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கு. இது தப்பு இல்லையா?"

"கேளுங்க்கா. அப்பா பேசோணும்னு நெனைக்கறப்ப நாக்குக்கு ஒரு சமிக்ஞை போகுதில்லீங்? நாக்கு அசையாட்டியும் பரவால்ல, அந்தச் சமிக்ஞையக் கழுத்துலயே பிடிச்சு நாவி பேசீரும். அரைகுறையா வந்துச்சுன்னா மீதிய அதுவே யூகிச்சு முடிச்சுக்கும். அந்த யூகமெல்லாம் அச்சுத் தமிழ்லீங்க. பத்திரிகை, பாடப் புத்தகம் இதெல்லாம் படிச்சு வளந்தது."

"சரி, அதுக்கும் இழவுக்கும் என்ன?"

"வலி, மூச்சுத் திணறல், சாவு, இழவு, இந்த வார்த்தையெல்லாம் வந்தா ஆபத்துன்னு சொந்தக்காரங்களுக்குத் தானாத் தகவல் போயிரும். அப்பா என்னமோ 'எளவு'ன்னாருங்களாம். அது இழவுன்னு எடுத்துக்குச்சு."

எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா காப்பி குடிப்பது இப்போது கரண்டியில்தான். தண்ணீராக இருந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று டாக்டர் ஒரு மாவு கொடுத்திருக்கிறார். அதைக் கலந்தால் காப்பி கூழ் மாதிரி ஆகிவிடும். அதை வாயில் வைத்த எவரும் 'என்ன எளவு இது' என்றுதான் சொல்வார்கள். அப்பாவோ அதைப் பாயசத்தைப் பார்த்தும் சொல்லக் கூடியவர்.

எங்கள் ஊரில் எளவு என்பது சாவு இல்லை. பேச்சில் போடுகிற உப்பு. என்ன எளவு வெயிலு. அந்த எளவ இங்க எடு. எளவு மக இன்னும் போன் பண்ணலையா. இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் ஊரைவிட்டு வந்ததிலிருந்து தினமும் நாலு மணிக் காப்பிக்குப் பிறகு அப்பா சொல்வார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். எளவு மக நான்தான்.

"பூபதி, ஒங்க ஊர்ல எளவுன்னு சொல்ல மாட்டாங்களா?"

"எங்கம்மா நாளைக்கு நூறு தடவ சொல்லுங்க்கா. ஆனா நாவிக்கு எங்கம்மாளத் தெரியாதுங்களே."

அதற்குப் பூபதியே ஒரு வழி செய்தார். அப்பா அதிகம் பயன்படுத்தும் சாவு வார்த்தைகளின் பட்டியலை அம்மாவிடம் கேட்டார். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்: "எளவு, சவம், கருமாதி, செத்த மூதி..." ஒன்பது தேறியது. இந்த ஒன்பதில் எது வந்தாலும் நாவி அதற்குப் பதிலாக வேறு ஒரு நல்ல வார்த்தையைச் சொல்லும்படி மாற்றிவிடலாம் என்றார். என்ன வார்த்தை என்று கேட்டதற்கு, அவருடைய கம்பெனிப் பட்டியலில் முதலில் இருந்ததைப் படித்தார்.

அருமை.

"குழம்பிரக் கூடாதுன்னு ஒரு வேலை பண்ணியிருக்கேங்க்கா. யூகத்துல 'அருமை'ங்கற வார்த்தை வராதபடி தடை போட்டுட்டேன். அது வந்தா அப்பா நெசமா அந்த ஒன்பதுல ஏதோ ஒண்ணச் சொன்னாருன்னு அர்த்தம்."

மறுநாள் நாலு மணிக்கு, எனக்குப் பகல் பதினொன்றரைக்கு, அம்மா வீடியோவில் வந்தாள். கரண்டியில் காப்பிக் கூழ். அப்பா விழுங்கினார். கண்ணை மூடினார். கழுத்துப் பட்டையோடு சேர்ந்து வந்த ஒலிப்பெட்டியிலிருந்து, ஓய்வுபெற்ற ஓட்டுநர்களின் போன்களிலிருந்து பொறுக்கியெடுத்துச் செய்த அவருடைய சொந்தக் குரலில் (நான்கு பேர் அவருடைய வசவை ரிங்டோனாக வைத்திருந்தார்கள்) வார்த்தை வந்தது.

"என்ன அருமை காப்பிட்டி இது."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருடம். எளவு என்பதுதான் இப்படி வருகிறது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு கரண்டி தரட்டா?" என்று கேட்டாள்.

"அருமை மக போன்ல இருக்காளா?" என்றார் அப்பா.

நான் துணிகள் அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். எளவு மக என்றுதான் சொல்லியிருக்கிறார். தெரியும். அழுகை அதையெல்லாம் கேட்கிற மாதிரி இல்லை.

மாலை கொண்டுவந்த உச்சிமாகாளி சித்தப்பா வீட்டுக்குள் நுழைந்தால், "வாடே அருமை, உக்காரு" என்பார். மின்வெட்டு வந்தால், "அருமை கரண்ட்டு." கொசு கடித்தால், "அருமை கொசு." இரண்டே வாரத்தில் வீடு முழுவதும் அது தொற்றிக்கொண்டது. அம்மா எரிவாயு உருளைக்காரனை "அந்த அருமை இன்னும் வரல" என்று ஏசினாள். நான் இங்கே தட்டைக் கீழே போட்டுவிட்டு "அருமை!" என்று கத்த, கூட வேலை பார்க்கும் போலந்துக்காரி மிலேனா அதற்கு என்ன அர்த்தம் என்றாள். சொன்னேன். அவள் அதன் பிறகு சூப் நன்றாக இருந்தால் என்னைப் பார்த்து "அருமை" என்றாள். ஏசுகிறாள் என்றே காதில் விழுந்து எனக்கு ஒவ்வொரு முறையும் சுருக்கென்றது.

இதில் நானும் சளைத்தவள் இல்லை. கையில் எப்போதும் உறை என்பதால் குழுவுக்கு எல்லாவற்றையும் போனிடம் சொல்லித்தான் எழுதவைப்பேன். ஒருநாள் "அப்பாவுக்கு மருந்து குடுத்தாச்சா?" என்றேன். போன் "அப்பாவுக்கு விருந்து குடுத்தாச்சா?" என்று எழுதியது. சித்தப்பா உடனே, "என்னைக்கு? எத்தன மணிக்கு?" என்று பதில் போட்டார். ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசுகிற ஆள் எங்கள் வீட்டில் யாருமே இல்லாமல் போய்விட்டது. எல்லோருக்கும் நடுவில் அரைச்செவிடு ஒன்று உட்கார்ந்திருந்தது.

மார்கழி மாத அறிக்கையில் பூபதி ஒரு எண் அனுப்பினார். நாவி பேசியதில் எவ்வளவு அப்பாவின் சமிக்ஞை, எவ்வளவு யூகம் என்ற கணக்கு. ஆவணியில் நூற்றுக்கு எண்பத்து நான்காக இருந்த அப்பாவின் பங்கு நாற்பத்தொன்றாகியிருந்தது.

"அதெப்படி? முன்னைக்கு இப்பம் நெறையப் பேசுதாவளே!" என்றாள் அம்மா.

அதுதான் பிரச்சினை. எனக்கும் நீளமான செய்திகள் வர ஆரம்பித்திருந்தன. "அன்பு மகளே, நான் நலமாக இருக்கிறேன். உன் பணியில் கவனம் செலுத்து. உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறேன்." அப்பா என்னை ஒருநாளும் மகளே என்று கூப்பிட்டதில்லை. என்னை நினைத்து அவர் பட்டதெல்லாம் எரிச்சல்தான். அந்த எரிச்சல் இருக்கிற தைரியத்தில்தான் நான் இவ்வளவு தூரம் வந்ததே.

அதிலிருந்து நான் செய்திகளை அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். 'மகளே' அப்பா ஒருவர், 'அருமை' அப்பா ஒருவர். மகளே அப்பா நாளுக்கு இருபது தடவை பேசினார். அருமை அப்பா காப்பி நேரத்தில் மட்டும் வந்தார். சில நாள் வரவே இல்லை. அன்றைக்கெல்லாம் இல்லத்தில் மூன்று பேருடைய காலுறையாவது என் கையால் இடம் மாறிவிடும்.

மாசியில் எண் பதினான்கு. கூடவே கம்பெனியிலிருந்து கடிதம். பதினைந்துக்குக் கீழே இறங்கினால் இரண்டில் ஒன்றைப் பதிவுசெய்தவர் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று, 'முழு உதவி': நாவியே அவருக்காகப் பேசிக்கொள்ளும். இரண்டு, 'யூக நிறுத்தம்': அவர் முழுதாக உருவாக்கும் வார்த்தை மட்டுமே வெளியே வரும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் இல்லையென்றால் முழு உதவி தானாகவே தொடங்கிவிடும்.

"யூகத்த நிறுத்துனா எவ்வளவு பேசுவாரு, பூபதி?"

"நாளைக்கு ரெண்டு வார்த்தை, மூணு வார்த்தைங்க்கா. ஒவ்வொண்ணுக்கும் பத்து நிமிசம் ஆகும். சில நாள் ஒண்ணுமே வராது."

"முழு உதவின்னா?"

"அது பாட்டுக்குப் பேசும். நல்லா பேசும். பல வீட்ல அதத்தான் எடுக்கறாங்க."

"அதுல அப்பா எவ்வளவு இருப்பாரு?"

கோயம்புத்தூரில் ஒரு லாரி ஹாரன் அடிப்பது மட்டும் கேட்டது.

அன்று மாலையே சித்தப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏ பேச்சி, அந்த யூகத்த மட்டும் நிறுத்திராத தாயி."

"சித்தப்பா, அது அப்பா இல்ல."

"யாராயிருந்தா என்ன? பொழுதன்னைக்கும் என்கூட உக்காந்து பேசுதான். அரசியல் பேசுதான். நான் சொன்னா, 'உங்கள் கருத்து சிந்திக்கத்தக்கது'ங்கான். எங்கண்ணன் வாயிலருந்து என்னைக்காவது இப்படி ஒரு சொல்லு வந்திருக்கா?"

"அதனாலதான் சொல்லுதேன், அது அப்பா இல்லன்னு."

சித்தப்பா குரலை இறக்கிக்கொண்டு சொன்னார். "அந்த எட்டு அம்பது வண்டிக்கு மன்னிப்புக் கேட்டுட்டான், தெரியுமா?"

எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் பிறந்த எல்லோருக்கும் அந்த வண்டியைத் தெரியும். சித்தப்பா மின்வாரிய வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டிய காலை. அவர் பேருந்து நிலையத்துக்குள் நுழையும்போது எட்டு ஐம்பத்தொன்று. கூடப்பிறந்த தம்பி தெருமுனையில் ஓடி வருவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, அப்பா எட்டு ஐம்பதுக்கே விசில் ஊதி வண்டியை அனுப்பிவிட்டிருந்தார். அந்த ஒரு நிமிடத்தால் வேலை போனது. அதிலிருந்து சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வராமல் இருந்ததில்லை, அதைச் சொல்லிக் காட்டாமலும் இருந்ததில்லை.

"என்னன்னு கேட்டாரு?"

"'அன்று நான் உனக்கு இழைத்த அநீதிக்காக வருந்துகிறேன், தம்பி' அப்படின்னான். எனக்கு மேலெல்லாம் சிலுத்துப்போச்சு. நீ நாளைக்கு வந்து அது மெசின்னு சொன்னா, நான் அத யாருகிட்டத் திருப்பிக் குடுக்க?"

போனை வைத்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் தேர்ந்தெடுக்கப்போவது அப்பாவின் குரலை மட்டும் இல்லை. ஒரு மனிதனுக்கு இத்தனை வருடம் கழித்துக் கிடைத்த மன்னிப்பையும் சேர்த்துத்தான்.

அப்பாவிடமே கேட்டுவிடலாம் என்று அம்மாதான் சொன்னாள். "அவிய நாக்கு. அவியகிட்டக் கேக்காம நீயும் நானும் முடிவு பண்ணலாமா?"

"பதில் சொல்லுறது அவியளா மெசினான்னு எப்படிம்மா கண்டுபிடிக்க?"

"நீதான சொன்ன, அருமைன்னு வந்தா அவியதான்னு."

வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரை. துணி அறையில் போர்வைகளின் மேல் உட்கார்ந்து போனைத் துண்டுகளின் மேல் சாத்தி வைத்தேன். திரையில் அப்பா நாற்காலியில். ஒருபுறம் அம்மா, மறுபுறம் சித்தப்பா. அப்பாவின் முகத்தில் இப்போது அசைவது இரண்டு புருவங்களும் கண்களும்தான். அந்த இரண்டையும் வைத்தே பேருந்து நிலையத்தை நடத்தியிருப்பார் போல, அவ்வளவு முறைப்பு.

"அப்பா, பேச்சி பேசுதேன். ஒங்களுக்குப் பதிலா இந்த மெசினே முழுசாப் பேசட்டுமா? வேண்டாமா?"

நாவி நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"ஆம் மகளே. எனக்கு முழுச் சம்மதம்."

"பாத்தியா!" என்றார் சித்தப்பா.

"செத்த நேரம் பேசாம இருங்க," என்றாள் அம்மா. "அது சொல்லுதத நான் கேக்கல. அவிய சொல்லட்டும்."

நாங்கள் காத்திருந்தோம். நாவிக்குத்தான் சும்மா இருக்கத் தெரியவில்லை. "வேறு ஏதேனும் கேள்விகள் உள்ளனவா?" என்றது. சித்தப்பா பழக்க தோஷத்தில், "இல்லண்ணே, இல்ல," என்றார். "வானிலை இன்று இதமாக இருக்கிறது," என்றது நாவி. வெளியே எங்கள் ஊரின் மாசி வெயில் தகரத்தைப் பிளந்துகொண்டிருந்தது.

ஏழாவது நிமிடம் என்று நினைக்கிறேன். அப்பாவின் இடது புருவம் மேலே ஏறியது. ஏறி, அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது.

"இந்த ஏற்பாடு அனைவருக்கும்," என்றது நாவி, "எவன்ல... மிகவும் வசதியாக இருக்கும் என்று..."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"...நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். ஆகவே, அருமை... தாங்கள் எவ்விதத் தயக்கமும் இன்றி..."

புருவம் இன்னும் இறங்கவில்லை. அம்மா விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"...முடிவெடுக்கலாம். நன்றி. இது."

புருவம் இறங்கியது. அப்பாவின் நெற்றியெல்லாம் வேர்வை.

"எவன்ல, அருமை, இது," என்று அம்மா மூன்று விரலையும் காட்டினாள். "எவன்ல எளவு இது! நடுவுல வந்து பேசுதது எவன்னு கேக்காவ!"

"அது யாரக் கேக்கான்?" என்றார் சித்தப்பா. "என்னையா?"

"ஒங்கள இல்ல. இந்தப் பெட்டிய."

சித்தப்பா அப்பாவின் முகத்தையே பார்த்தார். அப்பா நாவியின் ஒலிப்பெட்டியைக் கண்ணால் சுட்டி, எட்டு ஐம்பது வண்டியை வழிமறித்து நிற்கும் மாட்டைப் பார்க்கிற பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

நான் யூக நிறுத்தத்தை அழுத்தினேன். கை உறையைக் கழற்றி, என் சொந்த விரலால்.

மறுநாள் பூபதி வந்து வேலையை முடித்தார். எல்லாவற்றையும் எனக்கு வீடியோவில் காட்டிக்கொண்டே செய்தார். கடைசியாக நான் கேட்டேன்.

"அந்த அருமைய மாத்துற வேலையையும் எடுத்துருங்க, பூபதி. இனிமே அவரு சொல்லுறது சொன்னபடியே வரட்டும்."

பூபதி அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தாள்.

"அது தை மாசமே எடுத்தாச்சுங்க்கா."

"என்னது?"

"அம்மாதான் எடுக்கச் சொன்னாங்க. பட்டையச் சரி பண்ண வந்தேன்ல, அப்ப. அந்த ஒன்பதுக்கும் ஆபத்துத் தகவல் போறதையும் நிறுத்தியாச்சு. யூகத்துல போட்ட தடை மட்டும் அப்படியே இருக்குதுங்க."

"அம்மா?"

"அவிய ஏசாம வீடு வீடாவே இல்லட்டி," என்றாள் அம்மா. "மூணு மாசம் பொறுத்துப் பாத்தேன். மனுசன் வாய் நெறைய எளவுன்னு சொல்லட்டுமேன்னு எடுக்கச் சொன்னேன். ஒங்கிட்டச் சொன்னா பயப்படுவ."

எனக்குக் கணக்கு மெதுவாகத்தான் ஓடியது. மாற்றுகிற வேலை தையிலேயே போய்விட்டது. யூகமும் அந்த வார்த்தையைச் சொல்லாது. அப்படியென்றால் இரண்டு மாதமாகக் காப்பிக்கு வந்த அருமை?

"அருமைதான்," என்றாள் அம்மா. அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒருநாளும் எளவு வரல. தெனமும் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அப்பம் நேத்து 'எவன்ல அருமை'ன்னது? அதும் பாராட்டா?"

"அது ஏச்சு."

"ரெண்டும் ஒரே வார்த்தைதானம்மா!"

"எது எதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

"நீங்கெல்லாம் வீட்ல அப்படித்தான பேசறீங்க," என்றார் பூபதி. "அவரும் கேட்டுக் கத்துக்கிட்டாரு போல."

பின்னால் நாற்காலியில் அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். மாற்றுகிற வேலை எடுக்கப்பட்டுவிட்டது என்பதை அவரிடம் யாரும் அதுவரை சொல்லவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவருடைய இரண்டு புருவங்களும் ஒன்றாக மேலே போயின.

ஞாயிறு ஒன்றும் வரவில்லை. திங்கள் ஒன்றும் வரவில்லை. வீடு கிணறு மாதிரி இருக்கிறது என்றாள் அம்மா. நான் செய்தது சரிதானா என்று ஹெல்கா அம்மையாரிடம்கூடக் கேட்டேன். அவர் என்னிடம் தன் இன்னொரு காலுறை எங்கே என்று கேட்டார்.

செவ்வாய், பகல் பதினொன்று ஐம்பதுக்கு, குழுவில் அம்மாவின் செய்தி.

"பேச்சி அப்பா இழவு. எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்."

கையில் மருந்துத் தட்டு. அதைக் கீழே வைத்தேனா போட்டேனா என்று நினைவில்லை. அம்மாவும் போனிடம் சொல்லித்தான் எழுதவைப்பாள். அது தெரியும். முன்பு ஒருமுறை இப்படி நடந்திருக்கிறது. அதுவும் தெரியும். ஆனால் இந்த நோயில் ஒருநாள் இந்தச் செய்தி உண்மையாகவே வரும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த மூன்றும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டிருக்க, அம்மாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"சொல்லிட்டாவ பேச்சி! முழுசாச் சொல்லிட்டாவ! காப்பி குடுத்தேன், பதினஞ்சு நிமிசம் மூஞ்சியச் சுழிச்சுக்கிட்டே இருந்தாவ. நான் அடைச்சுக்கிச்சோன்னு பயந்துட்டேன். அப்பறம் வருது, 'எளவு'ன்னு! எளவு! கேட்டியா?"

"கேட்டேன்," என்றேன். நடைபாதையிலேயே சுவரில் சாய்ந்துகொண்டேன். "கேட்டேம்மா. ஊருக்கே கேட்டிருக்கும். குழுவைப் பாரு."

அம்மா பார்த்தாள். "ஐயையோ. 'பேச்சி, அப்பா எளவுன்னாவ'ன்னுல்லா சொன்னேன்."

அதற்குள் வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எட்டிப் பார்க்காத சித்தப்பா, ஆளுயர மாலையோடு உள்ளே வந்தார். அழுதுகொண்டே வந்தவர், நாற்காலியில் அப்பா விழித்துப் பார்ப்பதைக் கண்டு மாலையோடு நடு வீட்டில் நின்றுவிட்டார்.

அம்மா போனை அவர்கள் பக்கம் திருப்பினாள். அப்பாவின் கண் தம்பியின் மேலிருந்து மெதுவாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. அங்கே நின்றது. இடது புருவம் ஏறியது. பதினொரு நிமிடம், நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். சித்தப்பா மாலையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"லேட்டு," என்றார் அப்பா.

சித்தப்பா முதலில் ஒரு கேவல் கேவினார். பிறகு சிரித்தார். பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்துகொண்டு, அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் ஓர் அடி வைத்தார்.

"இவன்தாம்மா எங்கண்ணன்! அந்த மன்னிப்புக் கேட்டவன் வேற எவனோ. படுபாவி, செத்தாலும் ஒரு நிமிசம் விட்டுக் குடுக்க மாட்டான்!"

"மாலைய என்ன செய்ய?" என்று கேட்டாள் அம்மா.

சித்தப்பா சுற்றிலும் பார்த்தார். எழுந்து போய், மூலையில் நாவியின் ஒலிப்பெட்டிக்கு அதைப் போட்டுவிட்டு, ஒரு நொடி கைகூப்பியும் நின்றார். அதுவும் அவரோடு கொஞ்ச காலம் நன்றாகத்தான் பேசியிருந்தது.

உறை போட்ட கையோடு போனை வாய்க்கு அருகில் பிடித்து, குழுவில் போடுவதற்கு ஒரே ஒரு வார்த்தை சொன்னேன்.

அருமை.

போன் எழுதியது: "எருமை."

சித்தப்பாவின் பதில் உடனே வந்தது. "நான் என்ன தாயி செஞ்சேன்?"